நீர்ப்பரப்பின் மேல் பார்ப்பதை வைத்து பூமியின் வடிவத்தை முடிவு செய்ய முடியுமா?

உங்கள் மைத்துனர் மூன்று சான்றுகளைச் சொல்லி பூமி தட்டை என்று வாதிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அடிவானத்தில் மறைந்துபோன படகை ஜூம் கேமரா மீட்டுக் காட்டுகிறது என்பது ஒன்று. மிச்சிகன் ஏரிக்கு அக்கரையில் 90 கிலோமீட்டர் தள்ளி நின்று எடுத்த படங்களில் சிகாகோ நகரத்துக் கட்டடங்கள் தெரிகின்றன என்பது இரண்டாவது. இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட் கால்வாயில் 1838இல் நடந்த சோதனை நீர் மட்டமாகவே இருக்கிறது என்று காட்டியது, அதை எதிர்த்துப் பந்தயம் கட்டிய விஞ்ஞானி பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றமே தீர்ப்பளித்தது என்பது மூன்றாவது. இவற்றுக்கு என்ன பதில் சொல்லலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உண்மையில் உறுத்துவது கடைசி வரியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. கண்ணால் பார்த்ததையே இரண்டு தரப்பும் சாட்சிக்கு இழுக்கும்போது, பார்வையை வைத்து எதையாவது நிச்சயமாகச் சொல்ல முடியுமா என்று கேட்கிறீர்கள். பூமி உருண்டை என்பதில் உங்களுக்கே சந்தேகம் இல்லை என்று எழுதியிருப்பதால், விண்வெளிப் படங்கள், சந்திர கிரகணம் போன்ற வேறு சான்றுகளுக்குள் போகாமல், தண்ணீரின் மேல் பார்ப்பதைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

நான் வணிகக் கப்பல்களில் வழிசெலுத்தும் அதிகாரியாகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன். அடிவானத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவதே அன்றாட வேலையாக இருந்த தலைமுறையைச் சேர்ந்தவன். என் பதிலைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: நீர்ப்பரப்பின் மேல் நாம் காணும் ஒவ்வொரு காட்சியிலும் பூமியின் வளைவும் அந்த நேரத்துக் காற்றின் நிலையும் ஒன்றாகக் கலந்து வருகின்றன. ஒரே உயரத்திலிருந்து, ஒரே இலக்கை, ஒரு தடவை மட்டும் பார்த்தால் இவ்விரண்டையும் பிரிக்க வழியில்லை. பிரித்துப் பார்க்கும்படி சோதனையை அமைத்துக்கொண்டால், சாதாரண பைனாகுலரே போதும்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதியைச் சொல்லிவிடுகிறேன். பூமியின் ஆரம் சுமார் 6,371 கிலோமீட்டர். அந்த அளவுள்ள உருண்டையின் மேல், கண்மட்டம் கடலிலிருந்து இத்தனை மீட்டர் என்று தெரிந்தால், அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்பது கிடைக்கும். சாதாரண நாளில் காற்று ஒளியைச் சற்றுக் கீழ்நோக்கி வளைப்பதையும் சேர்த்துக்கொண்டால் 3.57 என்பது ஏறத்தாழ 3.86 ஆகும். அடிவானத்துக்கு அப்பால் இருக்கும் பொருளின் அடிப்பகுதி எவ்வளவு மறையும் என்பதற்கும் எளிய கணக்கு உண்டு: அடிவானத்திலிருந்து அந்தப் பொருள் வரை உள்ள கிலோமீட்டரை வர்க்கப்படுத்தி 12.74ஆல் வகுத்தால் மறையும் உயரம் மீட்டரில் வரும். காற்று ஒளியை வளைக்கும் இந்த ஒளிவிலகலையும் சேர்த்தால் வகுக்கும் எண் ஏறத்தாழ 14.9. இணையத்தில் அடிக்கடி சொல்லப்படும் 'மைலின் வர்க்கத்துக்கு எட்டு அங்குலம்' என்ற விதி தப்பான விதி அல்ல. ஆனால் அது கண் தண்ணீரோடு ஒட்டியிருக்கும்போது மட்டுமே பொருந்தும். கண்ணின் உயரத்தைக் கழிக்காமல் முழுத் தூரத்தையும் அதில் போட்டுவிட்டு, 'இவ்வளவு மறைய வேண்டியது மறையவில்லையே' என்று கேட்பவர்கள் பலர். அவர்கள் காட்டும் கணக்குகளில் பாதி இந்த ஓர் இடத்திலேயே சரிந்துவிடும்.

இந்தக் கணக்கு கப்பலில் எப்படிப் பயன்படுகிறது என்று சொன்னால் உங்களுக்குத் தெளிவாகும். இரவில் கரையை நெருங்கும்போது, கலங்கரை விளக்கம் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் ஒளிக்கற்றை வானத்தில் வீசுவது மங்கலாகத் தெரிந்துகொண்டிருக்கும். பிறகு ஒரு கட்டத்தில் விளக்கே அடிவானக் கோட்டின் மேல் ஒரு கூர்மையான புள்ளியாக எழும். அப்போது பார்த்துக்கொண்டிருக்கும் அதிகாரி பிரிட்ஜிலிருந்து, அதாவது கப்பலைச் செலுத்தும் மேல்தளத்திலிருந்து, ஒரு தளம் கீழே இறங்கிப் பார்ப்பார். விளக்கு மறைந்துவிடும், வானத்தில் வீசும் வெளிச்சம் மட்டும் மிஞ்சும். மேலே ஏறினால் விளக்கு திரும்பவும் வரும். விளக்கு அடிவானத்தின் விளிம்பில்தான் இருக்கிறது என்று இப்படி உறுதி செய்துகொண்டு, அதன் உயரத்தையும் நம் கண்ணின் உயரத்தையும் வைத்து, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று குறிப்பது மாலுமிகளின் பழைய முறை. கடல்மட்டத்திலிருந்து 57 மீட்டர் உயரத்தில் எரியும் விளக்கை 25 மீட்டர் உயரப் பிரிட்ஜிலிருந்து பார்த்தால் சுமார் 26 கடல் மைலில் தெரியத் தொடங்கும். அதே விளக்கு 10 மீட்டர் உயரத்தில் முதன்மைத் தளத்தில் நிற்பவருக்கு 22 கடல் மைலை ஒட்டித்தான் தெரியும். 15 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 15 கடல் மைல் போகும் கப்பலில் இது கால் மணி நேர வித்தியாசம். விளக்கு அதேதான், காற்றும் இரவும் அவையேதான். மாறியது பார்ப்பவரின் உயரம் மட்டும். தட்டையான கடலில் ஒரு தளம் இறங்கினால் விளக்கு ஏன் மறைய வேண்டும்? இந்த ஒரு கேள்விக்கு மறுதரப்பிலிருந்து திருப்தியான விளக்கம் எதையும் நான் இன்றுவரை கேட்டதில்லை.

வானப் பொருள்களின் உயரக் கோணத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியில் இன்னொரு சான்று இருக்கிறது. சூரியனோ நட்சத்திரமோ அடிவானத்துக்கு மேல் எத்தனை பாகையில் இருக்கிறது என்று அளந்ததும், அதிலிருந்து அடிவானத் தாழ்வு என்ற ஒரு சிறு கோணத்தைக் கழிக்க வேண்டும். உயரத்தில் நிற்பவருக்கு அடிவானம் அவருடைய கண்மட்டத்துக்கு நேராக இருக்காது, சற்றுக் கீழே இருக்கும். கண்ணின் உயரத்தின் வர்க்கமூலத்தை 1.76ஆல் பெருக்கினால் அந்தத் தாழ்வு கலையளவில் (ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) கிடைக்கும். 25 மீட்டர் உயரத்துக்கு அது 8.8 கலை. ஒரு கலை பூமியின் மேல் ஒரு கடல் மைலுக்குச் சமம் என்பதால், இதைக் கழிக்க மறந்தவர் வரைபடத்தில் கப்பலின் இடத்தைக் குறிக்கும் தன் நிலைக்கோட்டை 8.8 கடல் மைல் தள்ளிப் போடுவார். முடிவில்லாத தட்டைப் பரப்பில் இந்தக் கோணம் சுழியத்துக்கு வெகு அருகில் இருக்க வேண்டும், உயரத்தோடு கூடவும் கூடாது. உலகத்துக் கப்பல்கள் எல்லாம் தலைமுறை தலைமுறையாக இந்த அட்டவணையை நம்பிக் கரை சேர்ந்திருக்கின்றன. விண்வெளிப் படத்தைவிட இந்த அட்டவணைதான் எனக்கு நெருக்கமான சான்று.

இனி சிக்கலான பகுதிக்கு வருகிறேன். ஒளி அடர்த்தி கூடிய காற்றின் பக்கம் வளையும். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. எனவே தண்ணீர் குளிர்ந்தும் அதன் மேல் உள்ள காற்று மேலே போகப் போகச் சூடாகவும் இருந்தால், நீரை ஒட்டிச் செல்லும் ஒளி கீழ்நோக்கி வளைந்து பூமியின் வளைவைப் பின்தொடரும். மறைந்திருக்க வேண்டிய தொலைதூரப் பொருள் மேலே தூக்கிக் காட்டப்படும். தண்ணீர் சூடாகவும் காற்று குளிர்ந்தும் இருந்தால் இதற்கு நேர்மாறு: ஒளி மேல்நோக்கி வளையும், மறைய வேண்டியதைவிடக் கூடுதலாக மறையும், கப்பலுக்கு அடியில் வெள்ளிபோல் ஒரு கீற்று தோன்றி அது அந்தரத்தில் மிதப்பதுபோல் இருக்கும். ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைப் பூமியின் வளைவோடு ஒப்பிட்டு ஓர் எண்ணாகச் சொல்வது அளவைக்காரர்களின் வழக்கம். ஜெர்மனியின் ஹனோவர் நில அளவையின்போது கணித மேதை காஸ் கண்ட 0.13 என்ற மதிப்பு இன்றும் பொதுவான நாளுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதாவது ஒளியின் வளைவு பூமியின் வளைவில் எட்டில் ஒரு பங்கு. இந்த எண் 1 ஆகிவிட்டால் ஒளி பூமியோடு ஒட்டியே வளைந்து செல்லும், பூமி தட்டையாகவே தோன்றும். அதற்குத் தேவைப்படும் வெப்பநிலை வித்தியாசம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு மீட்டர் மேலே போனால் வெறும் 0.13 டிகிரி செல்சியஸ் கூடினால் போதும். வெயில் ஏறிய நாளில் குளிர்ந்த நீரின் மேல் முதல் ஒரு மீட்டருக்குள் இதைவிடப் பல மடங்கு வித்தியாசம் வருவது சாதாரணம். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மைத்துனரின் மூன்றாவது சான்றைப் புரிந்துகொள்ள இதுதான் வேண்டும்.

பெட்ஃபோர்ட் கால்வாய் என்பது இங்கிலாந்தின் கிழக்கே சதுப்புநிலத்தை வடிக்க 17ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட, அம்பு விட்டதுபோல் நேராக ஓடும் நீர்வழி. சாமுவேல் ரோபோதம் என்பவர் 1838இல் அதில் இறங்கி நின்று, நீரிலிருந்து 8 அங்குல உயரத்தில் தொலைநோக்கியை வைத்து, 5 அடி உயரத்தில் கொடி கட்டிய ஒரு படகு 6 மைல் தூரம் விலகிப் போவதைப் பார்த்தார். கொடி கடைசிவரை கண்ணுக்குத் தெரிந்ததாக எழுதினார். ஒளி நேர்க்கோட்டில் போயிருந்தால், அவருக்கு அடிவானம் ஒரு மைலில் முடிந்திருக்கும், மீதி ஐந்து மைலுக்கு 16 அடிக்கு மேல் மறைந்திருக்கும், ஐந்தடிக் கொடி தெரிந்திருக்கவே முடியாது. ரோபோதம் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் கண்டதாகச் சொன்னதைக் கண்டிருக்க முழு வாய்ப்பு உண்டு. 8 அங்குல உயரத்திலிருந்து அந்தக் கொடியின் உச்சி தெரிவதற்கு, ஒளிப்பாதையில் மீட்டருக்கு 0.07 டிகிரி அளவில் வெப்பநிலை கூடினாலே போதும் என்று கணக்கு வருகிறது. நீரோடு ஒட்டிய அந்த அடுக்கில் பார்வையை ஓட்டுவது, வடிவத்தை அளக்க விரும்புபவர் தேர்ந்தெடுக்கக்கூடிய மிக மோசமான பாதை. நில அளவையில் ரசமட்டக் கருவியோடு வேலை பழகும் மாணவருக்குக்கூட, தரையிலிருந்து அரை மீட்டருக்குள் பார்வைக்கோட்டைக் கொண்டுபோகாதே என்று முதலிலேயே சொல்லிக்கொடுப்பார்கள்.

ஜான் ஹாம்டன் என்பவர் ரோபோதத்தின் கருத்தை ஏற்று, நீர்ப்பரப்பின் வளைவை நிரூபிப்பவருக்கு 500 பவுண்ட் என்று 1870இல் சவால் விட்டார். அதை ஏற்றவர் இயற்கைத் தேர்வுக் கோட்பாட்டை டார்வினோடு ஒரே காலத்தில் எட்டிய ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ். அவர் இளம் வயதில் நில அளவைத் தொழில் செய்தவர், அந்தக் கை அவருடைய ஏற்பாட்டில் நன்றாகத் தெரிகிறது. வெல்னி பாலத்தின் கைப்பிடிச் சுவர் நீரிலிருந்து 13 அடி 3 அங்குலம் உயரம். அதன் மேல் ஒரு பெரிய தொலைநோக்கி. 6 மைல் தள்ளி இருந்த மறு பாலத்தில் அதே உயரத்தில், நடுவில் கறுப்புப் பட்டை இட்ட ஒரு வெள்ளைத் துணி. இரண்டுக்கும் நட்டநடுவே, 3 மைலில், ஒரு கம்பம் நட்டு அதில் இரண்டு சிவப்பு வட்டுகள். மேல் வட்டின் மையம் தொலைநோக்கியின் அதே உயரம், கீழ் வட்டு அதற்கு 4 அடி கீழே. நீர் மட்டமானால் மேல் வட்டு கறுப்புப் பட்டையின் மேலேயே படிய வேண்டும். நீர் வளைந்திருந்தால் நடுவில் நிற்கும் கம்பம் பட்டைக்கு மேலே உயர்ந்து தெரிய வேண்டும். கணக்குப்படி அந்த உயர்வு 6 அடி, வழக்கமான ஒளிவிலகலைக் கழித்தால் ஐந்தடிக்குச் சற்று மேல். மார்ச் 5ஆம் தேதி பார்த்தபோது வட்டு பட்டைக்கு மேலே தெளிவாக உயர்ந்து நின்றது.

இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியவை இரண்டு. பார்வைக்கோடு நீருக்கு மிக அருகில் வருவது கால்வாயின் நடுவில், அங்கேயும் அது நீரிலிருந்து சுமார் 8 அடி உயரத்தில்தான் செல்கிறது. நீரோடு ஒட்டிய கலங்கலான அடுக்கு முழுவதும் இப்படித் தவிர்க்கப்பட்டுவிடுகிறது. இரண்டாவது, அவர் 'தெரிகிறதா, தெரியவில்லையா' என்று கேட்கவில்லை. மூன்று புள்ளிகளில் நடுப்புள்ளி எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று கேட்டார். முதல் கேள்விக்கு ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரும், காற்று அதைச் சுலபமாகத் திருப்பிவிடும். இரண்டாவது கேள்விக்கு ஓர் அளவு பதிலாக வரும், அதை முன்கூட்டியே போட்டுவைத்த கணக்கோடு ஒப்பிடலாம். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பாண்ட்சர்ட்ரெய்ன் ஏரியின் குறுக்கே சம உயரத்தில் நேர்க்கோட்டில் செல்லும் மின்கோபுரங்களை நெடுந்தொலைவு லென்ஸில் எடுத்த படங்களும் இதனால்தான் வலுவானவை. அங்கே மூன்றுக்குப் பதில் வரிசையாகப் பல புள்ளிகள், அவை ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து கீழிறங்கி அடிவானத்துக்குப் பின்னால் போவது படத்திலேயே தெரியும்.

பெட்ஃபோர்டில் அன்று நடந்த இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஹாம்டன் தரப்பு நடுவராக வந்த வில்லியம் கார்ப்பென்டர் பெரிய தொலைநோக்கியின் காட்சியை ஒப்புக்கொள்ளாமல், மட்டக்கருவியில் பார்க்க வேண்டும் என்றார். அப்படிப் பார்த்தபோது குறுக்குக்கம்பிக்குக் கீழே நடு வட்டும், நடு வட்டுக்குக் கீழே அதே அளவு இடைவெளியில் தொலைவில் இருந்த அடையாளமும் தெரிந்தன. இடைவெளிகள் சமமாக இருப்பதால் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன, எனவே நீர் மட்டம் என்று கார்ப்பென்டர் முடிவு கட்டினார். கணக்குப் போட்டுப் பாருங்கள். உருண்டையில், 3 மைலில் உள்ள புள்ளி கிடைமட்டக் கோட்டுக்கு 6 அடி கீழே இருக்கும், 6 மைலில் உள்ளது 24 அடி கீழே இருக்கும். 24 என்பது 6ஐப்போல் நான்கு மடங்கு, தூரமோ இரண்டு மடங்கு, ஆகவே கோணம் சரியாக இரண்டு மடங்கு, சுமார் 1.3 கலையும் 2.6 கலையும். அதாவது சம இடைவெளி என்பது உருண்டைக்கே உரிய அடையாளம். நீர் தட்டையாக இருந்து கருவியும் சரியாக மட்டம் செய்யப்பட்டிருந்தால், ஒரே உயரத்தில் வைத்த மூன்றும் குறுக்குக்கம்பியின் மேலேயே ஒன்றாகப் படிந்திருக்கும். கார்ப்பென்டர் நேர்மையாகத்தான் பார்த்தார், பார்த்ததைச் சரியாகவே சொன்னார். எந்த வடிவத்துக்கு எந்தக் காட்சி வர வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்து இரு தரப்பும் கையெழுத்திடாததால், ஒரே படத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிக்க இடம் ஏற்பட்டுவிட்டது.

நடுவராக இருந்த 'தி ஃபீல்ட்' இதழின் ஆசிரியர் வால்ஷ், வாலஸ் வென்றதாகவே அறிவித்தார், பணத்தையும் கொடுத்தார். நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1876இல். பந்தயம் சட்டத்தின் முன் செல்லாது, தோற்றவர் தன் பணத்தை நடுவர் கையை விட்டுப் போகுமுன் திருப்பிக் கேட்டுவிட்டால் அவருக்கு அது உரியது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். கால்வாயில் கண்டது சரியா தவறா என்பதை நீதிபதிகள் ஆராயவே இல்லை. தீர்ப்பை நீர்ப்பரப்பின் வடிவம் பற்றிய சான்றாகக் காட்டுபவர் அதைப் படித்திருக்க மாட்டார். வாலஸ் பணத்தை இழந்ததோடு, ஹாம்டன் பல ஆண்டுகள் அவதூறுக் கடிதங்கள் எழுதித் தொல்லை கொடுத்ததும், அதற்காகச் சிறை சென்றதும் தனிக் கதை. பிற்காலத்தில் அதே கால்வாயில் இரு தரப்பும் சோதனை செய்தார்கள். 1901இல் ஹென்றி யூல் ஓல்ட்ஹாம் சம உயரக் கம்பங்களை நட்டு, கோணம் அளக்கும் தியோடலைட் கருவியில் பார்த்து, நடுக்கம்பம் உயர்ந்திருப்பதைக் கண்டார். 1904இல் தட்டைப் பூமிக் கருத்தை ஆதரித்த லேடி பிளவுன்ட் அமர்த்திய புகைப்படக்காரர், நீருக்குச் சுமார் இரண்டு அடி உயரத்தில் கேமராவை வைத்து, 6 மைல் தள்ளி நீரைத் தொட்டுத் தொங்கிய துணியைப் படமெடுத்தார். தாழ்வாக வைத்தவருக்கு ஒரு முடிவும் உயரமாக வைத்தவருக்கு வேறொரு முடிவும் திரும்பத் திரும்பக் கிடைத்ததே, இதில் விளையாடுவது நீரை ஒட்டிய காற்று என்பதற்கு நல்ல ஆதாரம்.

ஜூம் கேமரா பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல கண் ஒரு கலைக்குக் குறைவான கோணத்தைப் பிரித்துக் காணாது, ஒரு மீட்டர் உயரமுள்ள பொருள் மூன்றரைக் கிலோமீட்டரில் அந்த எல்லையைத் தொட்டுவிடும். ஒரு சிறு ஃபைபர் படகு அடிவானத்தை எட்டுவதற்கு முன்பே கண்ணுக்குப் புலப்படாமல் சிறுத்துப்போகும், ஜூம் அதைத் திரும்பக் காட்டும். அந்தப் படகு மறைந்தது சிறுமையால்தான், வளைவால் அல்ல. வளைவால் மறைந்ததை ஜூம் மீட்காது என்பதற்கு, அடிப்பாகம் இல்லாமல் மேல்கட்டுமானம் மட்டும் தெரியும் பெரிய கப்பலை எவ்வளவு பெரிதாக்கினாலும் அடிப்பாகம் வராது என்பதே சான்று. உங்கள் மைத்துனரிடம் சிறு படகுக்குப் பதிலாக ஒரு கன்டெய்னர் கப்பலின் படத்தைக் கேளுங்கள்.

சிகாகோ படம்தான் கடினமானது. அதைச் சாதாரண கணக்கில் தள்ளிவிட முடியாது. ஏரிக்கரை மணல்மேட்டில் 15 மீட்டர் உயரத்தில் நின்று 90 கிலோமீட்டர் தொலைவைப் பார்த்தால், ஒளிவிலகலே இல்லையென்றால் சுமார் 455 மீட்டர் மறையும், நகரத்தின் மிக உயர்ந்த வில்லிஸ் கோபுரத்தின் கூரை உயரமே 442 மீட்டர்தான். வழக்கமான விலகலைச் சேர்த்தால் 380 மீட்டர் அளவுக்கு மறையும், அதன் உச்சியில் 60 மீட்டர் அளவு எட்டிப்பார்க்கலாம். அந்தப் படங்கள் சிலவற்றில் இதைவிட நிறையவே தெரிகிறது என்பது உண்மை. வசந்தகாலத்தில் ஏரி நீர் குளிர்ந்திருக்க, நிலத்திலிருந்து சூடான காற்று அதன் மேல் வரும்போது காட்சி இப்படித் தூக்கப்படுவது அந்தப் பகுதியில் பழகிய நிகழ்வு. ஆனால் ஒரு குறிப்பிட்ட படத்தை மட்டும் காட்டி, அன்று எவ்வளவு தூக்கப்பட்டது என்று யாராவது கேட்டால், நீரின் மேல் பல உயரங்களில் எடுத்த வெப்பநிலை இல்லாமல் ஒருவராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. அந்தப் படத்தை உருண்டைக்கு எதிரான சான்றாகவும் கொள்ள முடியாது, உருண்டைக்கு ஆதரவாகவும் நான் அதைக் காட்ட மாட்டேன். சான்றாக நிற்பது வேறொன்று: அந்தக் கட்டடங்கள் ஒரு நாள் பாதிக்குமேல் தெரிகின்றன, மறுநாள் வானம் தெளிவாக இருந்தும் உச்சி மட்டும் தெரிகிறது, இன்னொரு நாள் ஒன்றுமே தெரிவதில்லை. தட்டைப் பரப்பானால், தெளிந்த நாள் ஒவ்வொன்றிலும் தரைத்தளம் வரை தெரிய வேண்டும்.

காற்று எந்த அளவுக்கு ஏமாற்றும் என்பதற்கு வரலாற்றில் ஓர் உச்சமான சம்பவம் இருக்கிறது. டச்சு மாலுமி வில்லெம் பாரன்ட்ஸின் குழு 1596-97 குளிர்காலத்தை வடதுருவப் பகுதியின் நோவயா ஜெம்லியா தீவில் கழித்தபோது, துருவ இரவு முடிந்து சூரியன் வர வேண்டிய நாளுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பே அதன் விளிம்பைக் கண்டார்கள். பலர் நம்ப மறுத்தார்கள். உண்மையில் பனிப்பரப்பின் மேல் இருந்த குளிர்ந்த காற்றடுக்கு ஒளியைப் பிடித்து நெடுந்தூரம் வளைத்துக் கொண்டுவந்திருந்தது. செங்கடலிலும் பாரசீக வளைகுடாவிலும் அடிவானத்தை முழுதாக நம்பாதே என்று எங்கள் பயிற்சியிலேயே எச்சரிப்பார்கள். அங்கே செக்ஸ்டன்ட் கணக்கில் பல கலை பிசகு வரலாம். இதிலிருந்து இந்த முறையின் எல்லையும் புரியும். கரையில் நின்று பார்ப்பதை வைத்து நீர்ப்பரப்பு குவிந்து வளைகிறது என்றும், ஆரம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அளவினது என்றும் உறுதியாகச் சொல்லலாம். ஆரத்தைச் சில சதவீதத் துல்லியத்தில் பெறுவது காற்றின் கையில் இருக்கிறது. துருவ ஆரத்துக்கும் நடுக்கோட்டு ஆரத்துக்கும் உள்ள 21 கிலோமீட்டர் வித்தியாசத்தை, அதாவது பூமி முழு உருண்டை அல்ல என்பதை, இந்த வழியில் காணவே முடியாது. அதற்கு பரங்கிமலை அருகே 1802இல் பிரிட்டிஷ் நில அளவையாளர் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கியது போன்ற பெரும் முக்கோண அளவைகள் தேவைப்பட்டன. அங்கேயும் இரு முனைகளிலிருந்தும் ஒருவரையொருவர் பார்த்துக் கோணம் அளந்துதான் ஒளிவிலகலைச் சமன் செய்தார்கள்.

நீங்கள் சென்னையில் இருப்பதாகச் சொல்வதால், மைத்துனரையும் அழைத்துக்கொண்டு மெரினாவுக்குப் போகச் சொல்வேன். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதை, கப்பல்களின் இருப்பிடம் காட்டும் இணையதளங்களில் பார்த்துக்கொள்ளலாம். சரக்கில்லாமல் உயர்ந்து நிற்கும் கப்பலாகத் தேர்ந்தெடுங்கள், அதன் அடியில் சிவப்புப் பூச்சு அகலமாகத் தெரியும். அது 15 கிலோமீட்டரில் இருந்தால், நீரோரத்தில் உட்கார்ந்து ஒரு மீட்டர் உயரத்தில் பார்ப்பவருக்கு எட்டு மீட்டர் மறையும். மணல் சரிவில் நின்று மூன்று மீட்டர் உயரத்தில் பார்ப்பவருக்கு நாலரை மீட்டர் மறையும். கலங்கரை விளக்கத்தின் மேல்மாடத்துக்குப் பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள், அங்கிருந்து அடிவானம் 25 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுவதால் சிவப்புப் பூச்சு நீர்க்கோடு வரை முழுதாகத் தெரிய வேண்டும். அலைகள்தான் மறைக்கின்றன என்று அவர் சொன்னால், உங்கள் கண் அலையைவிட உயரத்தில் இருக்கும்போது, தட்டைக் கடலில் ஓர் அலை தன் உயரத்துக்கு மேல் எதையும் மறைக்க முடியாது என்பதைத் தாளில் கோடு போட்டுக் காட்டுங்கள். மார்கழி, தை மாதக் காலை வேளைகளைத் தவிர்த்துவிடுங்கள். அப்போது நிலத்திலிருந்து வரும் குளிர்ந்த காற்று வெதுவெதுப்பான கடலின் மேல் படிந்து, கப்பலை அந்தரத்தில் மிதப்பதுபோல் காட்டி அளவைக் குழப்பும். பார்க்கப் போவதற்கு முன்னால், மூன்று உயரத்துக்கும் தட்டையானால் எவ்வளவு மறைய வேண்டும், உருண்டையானால் எவ்வளவு மறைய வேண்டும் என்று இரண்டு பேரும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கடல்மட்டத்திலிருந்து கேமராவின் உயரம், நேரம், கப்பலின் தூரம் மூன்றையும் ஒவ்வொரு படத்தோடும் குறித்து வைத்தால், அவற்றை இங்கேயே போடுங்கள், கணக்கை நான் சரிபார்த்துத் தருகிறேன்.